தீவுக்காரர்களின் சமாதானம் பாடப்புத்தகத்துக்குள் வருமா?

ஜூன் 3. ஒரு வாசகரின் கேள்வி

"தீவுகளில் வாழும் பழங்குடி மக்களுக்குச் சண்டையைத் தீர்க்கும் அறிவு இயல்பாகவே உண்டு. ஓடிப்போக வேறு இடம் இல்லாததால் சேர்ந்து வாழப் பழகிவிட்டார்கள். அந்த மரபறிவை எடுத்து எல்லாப் பள்ளிகளிலும் அமைதிக் கல்வி என்று வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏன் யாரும் செய்வதில்லை?"

ஜூன் 3, இரவு

செய்கிறார்கள். செய்த இடங்களில் என்ன ஆனது என்பதைத்தான் பேச வேண்டும்.

முதலில் அந்த 'இயல்பாகவே' வேண்டாம். பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த பூகன்வில் தீவுதான். பாங்குனா செப்புச் சுரங்கத்தை ஒட்டி 1988-இல் மூண்ட போர் 1998 போர்நிறுத்தம் வரை பத்து வருடம் ஓடியது. இந்தோனேசியாவின் அம்பொன் தீவுதான். 1999 ஜனவரி 19, ஈகைத் திருநாள் அன்று, ஒரு பேருந்தை ஒட்டி வந்த வாய்த்தகராறு முஸ்லிம் கிறிஸ்தவ மோதலாகி மலுக்குத் தீவுகள் முழுவதும் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சாலமன் தீவுகளிலும் 1998 முதல் 2003 வரை இதே கதை. ஓடிப்போக இடமில்லை என்பதால் யாரும் அடிக்காமல் விட்டதில்லை.

ஆனால் அடித்து முடித்த பிறகு, கொன்றவனும் பிள்ளையைப் பறிகொடுத்தவளும் ஒரே துறையில் படகுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிவு அந்த நிலைமையில் பிறந்தது.

ஜூன் 4

பழங்குடிகளை இழிவுபடுத்துகிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். புனிதர்கள் என்று தூக்கி வைப்பதுதான் எனக்கு இழிவாகப் படுகிறது. கோபம் எல்லாருக்கும் வரும். வந்த பிறகு யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும், எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், யார் வாயைத் திறக்கக் கூடாது என்றெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்களே, அந்த உழைப்புக்கு மரியாதை கொடுங்கள்.

ஜூன் 6

சரி, மலுக்குவிலிருந்தே ஆரம்பிக்கலாம். அங்கே பெலா என்று ஓர் ஏற்பாடு. இரண்டு ஊர்கள், சில நேரம் மூன்று நான்கு, காலத்துக்கும் உடன்பிறப்புகள் என்று சத்தியம் செய்துகொள்வது. பக்கத்து ஊரோடு அல்ல, பெரும்பாலும் தள்ளி இருக்கும் ஊரோடு, பல நேரம் வேறு தீவிலுள்ள ஊரோடு. ஒன்று முஸ்லிம் ஊராகவும் மற்றது கிறிஸ்தவ ஊராகவும் இருக்கலாம். கடுமையான வகைப் பெலாவில் இரு ஊர்த் தலைவர்களும் விரலைக் கீறி ரத்தத்தை மதுவில் கலந்து குடிப்பார்கள். மென்மையான வகைக்கு வெற்றிலை போதும்.

இதுவரை எல்லாப் பயிற்சிக் கையேட்டிலும் வரும். வராதது என்னவென்றால், சத்தியத்துக்குப் பிறகு வரும் சுமை. பெலா ஊர்க்காரன் வந்து கேட்டால் சாப்பாட்டை மறுக்க முடியாது. அவர்கள் மசூதி கட்டினால் கிறிஸ்தவ ஊர் மரமும் ஆளும் அனுப்ப வேண்டும், தேவாலயம் கட்டினால் முஸ்லிம் ஊர் அனுப்ப வேண்டும். கடுமையான பெலாவில் உடன்பிறப்புகள் ஆகிவிட்டதால் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. காதலித்துவிட்ட பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். மீறினால் முன்னோர்கள் நோயும் சாவும் அனுப்புவார்கள் என்பது நம்பிக்கை. சில வருடங்களுக்கு ஒருமுறை இரு ஊரும் கூடிச் சத்தியத்தைப் புதுப்பிப்பார்கள், பிள்ளைகளுக்கு உறவு தெரிய வேண்டும் என்பதற்காகவே.

நான் வகுப்பில் அமைதிக் கல்வி நடத்தியவன். எங்களுக்குக் கொடுத்த பாடத்தில் இதுபோன்ற ஒரு மரபுக்கு அரைப்பக்கம், பக்கத்தில் கைகோத்து நிற்கும் ஆட்களின் கோட்டுப்படம், கீழே "இதிலிருந்து நீ கற்றுக்கொண்டது என்ன?" என்று மூன்று வெற்றுக்கோடு. ஒற்றுமை என்று எழுதினால் முழு மதிப்பெண். மரம் அனுப்ப வேண்டும், கூலி இல்லாமல் ஆள் அனுப்ப வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் எழுதவில்லை, பாடத்திலேயே அது இல்லை.

ஜூன் 7

"பெலா இருந்தும் 1999-இல் ஏன் வெட்டிக்கொண்டார்கள்?" நல்ல கேள்வி, எதிர்பார்த்தேன்.

மோதல் மூண்ட இடம் 'பத்து மேரா' என்ற முஸ்லிம் ஊர். அதற்கே பாஸோ என்ற கிறிஸ்தவ ஊரோடு பெலா உண்டு. பெலா என்பது குறிப்பிட்ட ஊருக்கும் குறிப்பிட்ட ஊருக்கும் உள்ள கணக்கு. எல்லா முஸ்லிமுக்கும் எல்லாக் கிறிஸ்தவனுக்கும் அது பொருந்தாது. அடுத்து, சுலாவெசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பூத்தோனியர், பூகிஸ், மக்காசர் மக்களுக்கு ஊரும் இல்லை, பெலாவும் இல்லை. தலைமுறையாக அங்கே கடை வைத்தவர்கள், மீன் பிடித்தவர்கள், ஆனால் அந்த வலைக்கு வெளியே. அடி முதலில் அவர்கள் மேல்தான் விழுந்தது.

மூன்றாவது காரணம்தான் என்னை உறுத்துவது. 1979-இல் இந்தோனேசிய அரசு நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் கிராம நிர்வாகச் சட்டம் கொண்டுவந்தது. மரபுத் தலைவரின் நாற்காலியில் அரசு அச்சில் வார்த்த கிராமத் தலைவர் வந்து உட்கார்ந்தார். இருபது வருடம் கழித்து நெருக்கடி வந்தபோது, எழுந்து நின்று "அவன் நம் அண்ணன்" என்று சொல்லும் அதிகாரம் பல ஊர்களில் யாரிடமும் இல்லை.

அப்படியும் சில பெலா ஊர்கள் ஒன்றையொன்று தாக்க மறுத்தன. அதையும் எழுதாமல் விடக்கூடாது.

ஜூன் 10

இன்னொருவர் ஹவாய்த் தீவுகளின் ஹோஒபோனோபோனோ என்ற சமரச முறை பற்றிக் கேட்டிருந்தார். "நான்கு வாக்கியம் சொன்னால் மனம் சுத்தமாகிவிடுமாமே?"

அந்த நான்கு வாக்கியம் பிற்காலத்தில் சுயமுன்னேற்றக் கடைக்காரர்கள் கட்டிய பொட்டலம். தனியாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்ளலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம், அதனால் நன்றாக விற்கிறது. ஹவாய் அறிஞர் மேரி கவேனா பூகுயி பதிவு செய்த முறையில் தனியாள் என்ற பேச்சே கிடையாது. குடும்பம் மொத்தமும் உட்கார வேண்டும். மூத்தவர் ஒருவர் நடத்துவார். பிரார்த்தனை, பிறகு சிக்கல் என்ன என்று வெளியே வைப்பது. அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த விதி: சண்டை போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசக்கூடாது, எல்லாம் மூத்தவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சூடு ஏறினால் அவர் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்வார், தேவைப்பட்டால் மறுநாள் வரை. முடிவில் மன்னிப்புக் கேட்டு, கொடுத்து, பகை முடிச்சை அவிழ்த்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

எங்கள் பள்ளியில் வேறு மாதிரி. ஜியாமெட்ரி பாக்ஸ் உடைந்த விவகாரம், இரண்டு பையன்கள், ஒருவனுக்கு உதடு கிழிந்திருந்தது. மேலிடத்தில் கூப்பிட்டு நிற்கவைத்து, "கை கொடுங்கடா" என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். ஆண்டறிக்கையில் 'மாணவர் சமரசம்' என்ற தலைப்பில் அது வந்தது. அறிக்கை அச்சாகி வருவதற்குள் அவர்கள் மறுபடி இரண்டு முறை உருண்டிருந்தார்கள்.

பிறகு நான் என் வகுப்பில் அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அவனைப் பார்க்காதே, என்னிடம் சொல். மற்றவன் வாய் திறக்கக் கூடாது. முதல் தடவையே வித்தியாசம் தெரிந்தது. எதிராளி முகத்தைப் பார்க்காததால் பதிலடி தயாரிக்கும் வேகம் குறைந்தது. பாக்ஸ் கதை ஓரமாகப் போய், போன வருடம் ஒருவன் அக்காவைப் பற்றி மற்றவன் சொன்ன ஏதோ ஒன்று வெளியே வந்தது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததோ நேர்மாறு: இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள் என்று.

ஜூன் 11

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் மரபறிவு வகுப்பில் வேலை செய்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்" என்கிறார் இழையைத் தொடங்கியவர். அவசரப்படாதீர்கள். ஒரு உத்தி வேலை செய்தது. நான் அந்தப் பையன்களுக்குத் தாத்தாவோ அத்தையோ இல்லை. நாலரை மணிக்கு மணி அடித்தால் என் அதிகாரம் முடிந்தது. வீட்டில் அப்பாக்கள் இருவரும் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 13

பூகன்வில். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், படிக்க முடியாதவர்கள் தாண்டிப் போங்கள்.

போருக்கு எட்டு வருடம் முன்பே, 1980-இல், அங்கே தாய்மொழிக் கிராமப் பள்ளிகளைத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஊர் மரியாதையை மறந்து வருகிறார்கள் என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். முதலில் சொந்த மொழியில் எழுத்து, ஊர்க்கதை, ஊர் வழக்கம், பிறகு ஆங்கிலம். பாப்புவா நியூ கினி முழுவதும் தொடக்கக் கல்வியைத் தாய்மொழிக்கு மாற்றுவதற்கு இந்த முயற்சி பெரிய தூண்டுகோல். ஆக, கேள்வி கேட்டவர் விரும்பும் மரபறிவுப் பள்ளி அங்கே இருந்தது. 1988-இல் போரும் வந்தது.

பள்ளி தோற்றது என்று இதைப் படிக்கக் கூடாது. தீவின் பெரும்பகுதியில் நிலம் தாய்வழியில் போகிறது. சுரங்கம் தோண்டும்போது அந்தத் தாய்மார்களின் பேச்சு எடுபடவில்லை. ஆற்றில் கழிவு இறங்கியது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாய்மொழியில் எழுத்து சொல்லிக்கொடுத்தால் சுரங்கக் கணக்கு நேராகிவிடுமா?

அதே தாய்வழி உரிமைதான் போரை நிறுத்துவதிலும் வேலை செய்தது. ராணுவத்துக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடுவே காட்டுக்குள் போய் மகன்களையும் மருமகன்களையும் வெளியே வரச் சொன்னது பெண்கள். நிலத்துக்குத் தாய் என்ற தகுதியில் பேசினார்கள், அதனால் கேட்க வேண்டியிருந்தது. 1992-இல் பூகன்வில்லின் புகாவில் ஹெலன் ஹக்கேனாவும் தோழிகளும் தொடங்கிய லெய்த்தானா நெஹான் அமைப்பு ஊர் ஊராகப் போய் நடத்தியதும் அமைதிக் கல்விதான். ஆனால் அதில் பேசியது வீட்டில் காய்ச்சும் சாராயம், பெண்கள் மீதான அடி, துப்பாக்கியோடு திரியும் பையன்கள் பற்றி. 'அமைதி என்றால் என்ன' என்று யாரும் பலகையில் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

1997 கடைசியில் நியூசிலாந்து தலைமையில் வந்த கண்காணிப்புக் குழுவிடம் ஆயுதம் கிடையாது. ஃபிஜி, வனுவாட்டு ஆட்களும் அதில் இருந்தார்கள். கிட்டாரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆயுதமில்லாமல் வந்தவர்களின் பாதுகாப்பு ஊர்க்காரர்கள் பொறுப்பாகிவிட்டது. 2001 ஆகஸ்ட் 30-இல் அராவாவில் உடன்படிக்கை, 2019 வாக்கெடுப்பில் 97.7 சதவீதம் தனிநாட்டுக்கு ஆதரவு. தனிநாடு இன்னும் பேச்சுவார்த்தையில் இழுக்கிறது, அது வேறு இழை.

ஜூன் 13, கொஞ்சம் கழித்து

சமரசச் சடங்கை விட்டுவிட்டேன். வில்லையும் அம்பையும் முறித்துப் போடுவார்கள், வெற்றிலை பாக்கு சேர்ந்து மெல்லுவார்கள், கல் புதைப்பார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் அந்த நாளுக்கு முன்னால் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், பேச்சு நடக்கும். செத்தவனின் எலும்பு எங்கே கிடக்கிறது என்று சொல், எடுத்துக் கொடு, அப்புறம் வெற்றிலை போடலாம் என்பார்கள் குடும்பத்தார். மன்னிப்பைப் பற்றி நான் நடத்திய எந்தப் பாடத்திலும் எலும்பு வந்ததில்லை.

ஜூன் 14

"மன்னிப்பு இலவசமாகக் கிடைக்கக் கூடாது, இழப்பீடு வேண்டும் என்கிறீர்களா?" ஆமாம், ஆனால் சாலமன் தீவுகளைப் பார்த்துவிட்டு ஆமாம் சொல்லுங்கள். அங்கே மலைத்தா தீவில் சிப்பிக்காசு மாலையும் பன்றியும் கொடுத்துப் பகையை ஆற்றுவது பழைய வழக்கம். கொடுப்பவனுக்கு அது உண்மையிலேயே வலிக்கும், சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் கையேந்தித்தான் சேர்க்க முடியும், அதனால் அடுத்த தடவை அவர்களே அவனைப் பிடித்துவைப்பார்கள். 2000 அக்டோபர் டவுன்ஸ்வில் அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு அரசு தாய்வான் வங்கியில் 2.5 கோடி அமெரிக்க டாலர் கடன் வாங்கி இழப்பீடு கொடுத்தது. துப்பாக்கி வைத்திருந்தவனும் அமைச்சரின் ஆளும் வரிசையில் முதலில் நின்றார்கள். பெயர் அதே மரபுப் பெயர்தான். 2003-இல் வெளிநாட்டுப் படை வந்துதான் துப்பாக்கியைப் பிடுங்க வேண்டியிருந்தது.

திமோர்-லெஸ்தேயில் இதைவிட நிதானமாகச் செய்தார்கள். 2002-இல் தொடங்கிய உண்மை ஆணையம், பாய் விரித்து உட்கார்ந்து தீர்க்கும் பழைய முறையைச் சட்டத்தோடு இணைத்தது. வீட்டை எரித்தவன், திருடியவன், அடித்தவன் ஊர்முன் பாயில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டு, கூரை போட்டுக் கொடுப்பது போல ஏதாவது உடலுழைப்பு செய்ய வேண்டும். 1,371 பேர் இப்படி முடித்தார்கள். கொலையும் பாலியல் வன்முறையும் பாய்க்கு வராது, அது நீதிமன்றத்துக்கு. அந்த எல்லையைப் போட்டதால்தான் பாய்க்கு மரியாதை இருந்தது என்று நினைக்கிறேன். நீதிமன்றப் பக்கம் பெரிய குற்றவாளிகள் பெரும்பாலோர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள், கூரை வேய்ந்தவன் சின்ன ஆள்.

ஜூன் 19

சில நாளாக எழுதாததற்குக் காரணம் மொரியோரி. அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்து மூன்று முறை அழித்தேன்.

நியூசிலாந்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டரில் சாத்தம் தீவுகள், அவர்கள் மொழியில் ரேகோஹு. நுனுக்கு என்ற தலைவர் கொலையைத் தடை செய்தார். சண்டை வந்தால் கட்டைவிரல் பருமன், கை நீளக் கம்பால் அடித்துக்கொள்ளலாம், முதல் சொட்டு ரத்தத்தில் நிறுத்த வேண்டும். மீறுகிறவன் குடல் அழுகிப் போகட்டும் என்று சாபம். நூற்றாண்டுக் கணக்கில் கடைப்பிடித்தார்கள்.

1835 நவம்பரிலும் டிசம்பரிலும் ஒரு கப்பல் இரண்டு நடையாக ஏறத்தாழ 900 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. நியூசிலாந்தின் நாத்தி முத்துங்கா, நாத்தி தாமா மாவோரிகள். முதல் நடையில் வந்தவர்கள் கடல் பயணத்தில் நோயுற்றுக் கிடந்தார்கள், மொரியோரிகள்தான் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வந்தவர்கள் நிலத்தைத் தமதாக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தபோது மொரியோரிகள் தே அவாபாதிகியில் கூடினார்கள். இளையவர்கள் சண்டை போடலாம் என்றார்கள், நாம் ஆள்பலத்தில் அதிகம் என்றார்கள். தபாதா, தோரேயா என்ற மூத்தவர்கள் நுனுக்குவின் சட்டம் நாம் விரும்பியபோது கழற்றிப் போடும் உத்தி இல்லை என்றார்கள். சட்டம் நின்றது. ஏறத்தாழ 300 பேர் கொல்லப்பட்டார்கள், மிஞ்சியவர்கள் அடிமைகள். 1862-இல் கணக்கெடுத்தபோது 101 பேர்.

இதை எட்டாம் வகுப்பில் எப்படி நடத்துவது? ஒரு தடவை நடத்தினேன். "அப்படியானால் சார், அடித்திருக்க வேண்டும்தானே?" என்று கடைசிப் பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. வகுப்பே என்னைப் பார்த்தது. மூத்தவர்கள் என்ன சொன்னார்கள், இளையவர்கள் என்ன சொன்னார்கள் என்று மறுபடி சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த வகுப்பு வரை அதே சண்டை, வராந்தாவில், சாப்பாட்டு நேரத்தில். அமைதிப் பாடம் ஒன்றைப் பிள்ளைகள் மணி அடித்த பிறகும் பேசி நான் பார்த்தது அது மட்டும்.

ஜூன் 20

மேலே எழுதியதற்கு வால். 1916-இல் நியூசிலாந்துப் பள்ளி மாணவர் இதழ் மொரியோரிகளைப் பற்றி ஒரு கதை அச்சிட்டது: அவர்கள் மாவோரிக்கு முன்பே நியூசிலாந்தில் இருந்த மட்டமான இனம், வல்லவர்களால் விரட்டப்பட்டுத் தீவுக்கு ஓடியவர்கள் என்று. முழுப் பொய். அப்புறம் மாவோரியை விரட்டிய வெள்ளைக்காரனுக்கு அந்தக் கதை எவ்வளவு வசதி என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். மொரியோரி என்று யாருமே மிச்சமில்லை என்றும் நம்பினார்கள். 2005-இல் கோப்பிங்கா மன்றத்தைத் திறந்து நுனுக்குவின் உடன்படிக்கையைப் புதுப்பித்தவர்கள் யார், பேய்களா? 2021-இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் தீர்வுச் சட்டம் நிறைவேற்றியபோது வரலாற்றுப் பதிவும் அரசின் மன்னிப்பும் அதற்குள் வந்தன.

பாடத்தில் மரபறிவைச் சேர்ப்பதற்கு முன்னால் பாடத்திலிருக்கும் பொய்யை எடுப்பது மலிவான வேலை. அதைச் செய்யத்தான் நூறு வருடம் ஆகிறது.

ஜூன் 26

இழை தடம் மாறி மீனுக்குப் போய்விட்டது, நானும் போகிறேன். மலுக்குவின் ஹருக்குத் தீவில் லொம்பா என்ற சிறு மீன் ஆற்றுக்குள் வரும். சாசி என்ற தடை போட்டுவிட்டால் திறக்கும் நாள் வரை யாரும் தொடக்கூடாது, கேவாங் என்ற காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். திறக்கும் அன்று ஊர் மொத்தமும் வலையோடு ஆற்றில் இறங்கும், விதவைக்கும் அனாதைக்கும் தனிப்பங்கு. 1985-இல் இந்தோனேசிய அரசின் சுற்றுச்சூழல் விருது ஹருக்குக் காவலர்களுக்குக் கிடைத்தது. 'இதற்கும் அமைதிக்கும் என்ன?' மீனுக்காக வரும் அடிதடி வராமலே போகிறது. கேவாங் தலைவர் எலிசா கிஸ்யா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலையாத்தி நடுகிறார், அதற்கு அமைதிக் கல்வி என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு மக்களை ஆழிப்பேரலையிலிருந்து மரபறிவுதான் காப்பாற்றியதா என்று கேட்டவருக்கு: ஆமாம், 1907 ஆழிப்பேரலையைப் பற்றிய பாட்டும் கதையும்தான் 2004-இல் காப்பாற்றின. நிலம் ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு. ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தது 7 பேர். ஆனால் அந்த அறிவில் எதிராளி கடல். கடலோடு இழப்பீடு பேச வேண்டாம், அதனால் பாட்டே போதும்.

ஜூலை 1

பெலாவை நான் ரொம்பக் கறாராகப் பேசிவிட்டேனோ என்று தோன்றுவதற்குக் காரணம், அம்பொனில் போருக்குப் பின் வளர்ந்த ஒரு வழக்கம். அம்பொன் நகரின் கிறிஸ்தவப் பிள்ளைகள் அதிகமுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியும் லியாங்கிலுள்ள ஒரு முஸ்லிம் பிள்ளைகளின் பள்ளியும் தங்களுக்குள் பெலா கட்டிக்கொண்டன. மோதலுக்குப் பிறகு ஊர்கள் மத வாரியாகப் பிரிந்துவிட்டதால், எதிர்த் தரப்புப் பிள்ளையை நேரில் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துகொண்டிருந்தது. பாடமாக வைக்காமல் உறவாகவே கட்டியதுதான் இதில் எனக்குப் பிடித்தது. இந்தப் பள்ளி அந்தப் பள்ளிக்கு இனி அண்ணன் தம்பி, விழா என்றால் போக வேண்டும்.

சந்தேகமும் உண்டு. ஊர் பெலா முன்னோர் பயத்தில் நிற்கிறது. பள்ளிப் பெலா எதில் நிற்கும்? தலைமை ஆசிரியர் மாறினால்? குடியேறி வந்த வீட்டுப் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் அவனும் தம்பியா? இந்தக் கடைசி விஷயத்தில் பள்ளி ஊரைவிட நல்லது என்று நினைக்கிறேன், வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தாலே போதும். பழைய வலைக்கு வெளியே நின்றவனுக்கு இப்படியாவது ஒரு வாசல்.

ஜூலை 2

"மதிப்பெண் எப்படிப் போடுவது?" என்று ஒரு ஆசிரியர் கேட்டிருக்கிறார். போடாதீர்கள். அந்தப் பாட நேரத்தில் பக்கத்துப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி அவர்கள் நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடச் சொல்லுங்கள், அடுத்த மாதம் அவர்கள் வந்து உங்கள் தோட்டத்தைக் கொத்தட்டும். பேருந்துக் கட்டணம் யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். அந்தச் சண்டையிலிருந்தே பாடத்தை ஆரம்பியுங்கள்.